ராணுவத்தில் சேர்ந்தால் அமெரிக்கக் குடியுரிமை கிடைக்குமா? பேப்பர் இல்லாத பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

சின்ன வயதில் அப்பா அம்மாவோடு அமெரிக்காவுக்கு வந்து, இங்கேயே படித்து வளர்ந்து, கையில் விசாவோ கிரீன் கார்டோ இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். விசா முடிந்தும் தங்கிவிட்ட இந்தியக் குடும்பங்களும், அடைக்கலம் கேட்டு மறுக்கப்பட்ட ஈழத்துக் குடும்பங்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இவர்கள் காதில் யாராவது ஒருவர் போட்டுவிடுவார்: "ராணுவத்தில சேர்ந்துடு, சிட்டிசன்ஷிப் தானா வரும்." அந்தப் பேச்சில் எது உண்மை, எது பழங்கதை, எது ஆபத்து என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம். படித்துவிட்டு, உங்கள் வழக்கின் விவரத்தோடு ஒரு குடியேற்ற வழக்கறிஞரையும் கட்டாயம் பாருங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பேப்பர் இல்லாதவர் இன்றைக்கு அமெரிக்க ராணுவத்தில் சேர முடியுமா?

முடியாது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன், கடலோரக் காவல்படை எதிலும் முடியாது. டாக்கா (DACA, சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் தள்ளிவைக்கும் ஏற்பாடு) அனுமதி வைத்திருந்தாலும் முடியாது. ஒரு காலத்தில் மிகக் குறுகலான ஒரு வழி இருந்தது. 2016 கடைசியில் அதுவும் அடைபட்டது. அதன்பின் திறக்கவில்லை.

அப்படியானால் "போர்க்காலத்தில் பணியாற்றியவருக்குக் கிரீன் கார்டு இல்லாவிட்டாலும் குடியுரிமை உண்டு" என்று சட்டத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று குடியேற்றச் சட்டத்தின் 329-ஆம் பிரிவு. போர்க்காலம் என்று அறிவிக்கப்பட்ட காலத்தில் அமெரிக்கப் படையில் நல்ல பெயரோடு பணியாற்றியவர், அமெரிக்க மண்ணில் இருந்தபோது சேர்ந்தவராக இருந்தால், கிரீன் கார்டு இல்லாமலே நேராகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது அது. இத்தனை ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அந்தப் பிரிவில் கிடையாது. இரண்டு உலகப் போர்கள், கொரியா, வியட்நாம், 1990-91 வளைகுடாப் போர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 2001 செப்டம்பர் 11 முதல் இன்றுவரை உள்ள காலத்தையும், ஜார்ஜ் புஷ் 2002 ஜூலை 3 அன்று கையெழுத்திட்ட ஆணை அதில் சேர்த்தது. அந்த ஆணை இன்னும் நடப்பில் இருக்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் இது இப்போதும் போர்க்காலம்தான்.

இன்னொன்று, யாரைப் படையில் சேர்க்கலாம் என்று சொல்லும் சட்டம். அதன்படி குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அப்புறம் அமெரிக்காவோடு தனி ஒப்பந்தம் உள்ள மைக்ரோனேசியா, மார்ஷல் தீவுகள், பலாவு ஆகிய மூன்று தீவு நாடுகளின் குடிமக்கள், இவ்வளவு பேர்தான் சேரலாம். மற்றவர்களைச் சேர்க்க வேண்டுமென்றால் "நாட்டு நலனுக்கு இன்றியமையாத திறமை உள்ளவர்" என்று படைத்துறைச் செயலாளர் தீர்மானிக்க வேண்டும்.

உள்ளே போய்விட்டவருக்குக் குடியுரிமை தர முதல் சட்டம் தயார். பேப்பர் இல்லாதவரை உள்ளேயே விடாதது இரண்டாவது சட்டம். முதலாவதை மட்டும் படித்தவர்கள் சொல்லும் பேச்சுதான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

ட்ரீம் ஆக்ட் என்று ஒன்று வந்ததே, அதில் ராணுவ வழி இருந்ததே?

இருந்தது. ஆனால் அது சட்டமாகவே ஆகவில்லை. டிக் டர்பின், ஓரின் ஹேட்ச் என்ற இரு செனட்டர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி, 2001-இல் முதன்முதலாகக் கொண்டுவந்த மசோதா அது. பின்னால் பலமுறை மாறி மாறி வந்தது. 16 வயதுக்கு முன் வந்து இங்கேயே வளர்ந்தவர்கள் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தாலோ, படையில் இரண்டு ஆண்டு பணியாற்றினாலோ நிரந்தரமாகத் தங்க வழி உண்டு என்பது அதன் சாரம்.

2010-இல் கை எட்டும் தூரத்துக்கு வந்தது. டிசம்பர் 8 அன்று பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 198 என்று தேறியது. பத்து நாள் கழித்து செனட்டில் 55 பேர் ஆதரவு, 41 பேர் எதிர்ப்பு. ஆனால் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வேண்டும். ஐந்து வாக்கில் போயிற்று. பட்டமளிப்பு விழா அங்கி போட்டுக்கொண்டு மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியேறினார்கள். 2013-இல் செனட் 68-க்கு 32 என்று நிறைவேற்றிய பெரிய குடியேற்ற மசோதாவிலும் ராணுவ வழி இருந்தது. அதைப் பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவே இல்லை.

இந்த ராணுவ வழியைப் பற்றி எனக்கு அப்போதும் ஒரு சங்கடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பேப்பர் இல்லாத பிள்ளைக்குக் கூட்டாட்சி அரசின் கல்லூரி உதவித்தொகை கிடையாது. பகலில் வேலை பார்த்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நிலை. கல்லூரி, படை என்று இரண்டு வழியைக் காட்டினாலும், கையில் காசில்லாதவனுக்கு ஒன்றுதான் உண்மையான வழி. விரும்பிச் சேர்வது வேறு, வேறு போக்கிடம் இல்லாமல் சேர்வது வேறு. குடியேறிகளின் பக்கம் நின்ற பலரே அப்போது இதைச் சொன்னார்கள். அதே சமயம், உண்மையாகவே இந்த நாட்டுச் சீருடையைப் போட ஆசைப்பட்ட பிள்ளைகளும் நிறைய. அந்த ஆசையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

டாக்கா இருந்தால் சேர விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நீங்கள் கேள்விப்பட்டது 2014 முதல் 2016 வரை உண்மை. டாக்கா என்பது 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசு அறிவித்த ஏற்பாடு. சிறுவயதில் வந்தவர்களை இரண்டிரண்டு ஆண்டுகளுக்கு நாடு கடத்தாமல் விட்டு, வேலை அனுமதியும் தருவது. அது சட்டப்படியான அந்தஸ்து ஆகாது, தள்ளிவைப்புதான். அதனால் டாக்கா பிள்ளைகளைப் படை சேர்த்துக்கொள்ளவில்லை. 2014 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை, அடுத்த கேள்வியில் வரும் மாவ்னி திட்டத்தில் மட்டும் அவர்களையும் சேர்க்கலாம் என்றது.

அதிலும் ஒரு சிக்கல். டாக்கா பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். மாவ்னி கேட்ட மொழிப் பட்டியலில் ஸ்பானிஷ் கிடையாது. டாக்கா பெற்றவர்கள் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். அவர்களில் படையில் இருந்தவர்கள், ஒப்பந்தம் போட்டுக் காத்திருந்தவர்கள் எல்லோரையும் கூட்டினாலும் 900-க்குக் கீழே என்று 2017-இல் பாதுகாப்புத் துறையே சொன்னது. பேச்சில் அடிபட்ட அளவுக்கு அந்த வழி அகலமாக இருந்ததே இல்லை.

மாவ்னி என்றால் என்ன? அதில் தமிழ் இருந்ததாமே?

ஆமாம், இருந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருந்தபோது படைக்கு இரண்டு வகை ஆட்கள் போதவில்லை: மருத்துவர், செவிலியர் போன்றவர்கள், மற்றும் உலக மொழிகளைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள். இவர்களைக் கிரீன் கார்டு இல்லாமலே படையில் சேர்க்கும் திட்டம்தான் மாவ்னி. 2008 நவம்பரில் பாதுகாப்புச் செயலாளர் ராபர்ட் கேட்ஸ் இதற்கு ஒப்புதல் கொடுத்தார். 2009 தொடக்கத்தில் நியூயார்க்கில் ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். தொடக்கத்தில் 1,000 பேர் என்று வரம்பு. பட்டியலில் பஷ்தோ, அரபு, கொரியன், சீனம், உருது, இந்தி இருந்தன. நம் பக்கத்திலிருந்து தமிழ், மலையாளம், சிங்களம் மூன்றும் இருந்தன. மாணவர் விசாவிலோ எச்-1பி விசாவிலோ இருந்த தமிழ்ப் பிள்ளை ஒருவர், கிரீன் கார்டு வரிசையில் நிற்காமல், பூட் கேம்ப் என்ற தொடக்கப் பயிற்சியை முடிக்கும்போதே குடிமகனாக வெளியே வர முடிந்தது. இன்றைக்குக் கேட்டால் கதை மாதிரி இருக்கும்.

கவனியுங்கள்: மாவ்னி அடிப்படையில் சட்டப்படி தங்கியிருந்தவர்களுக்கான திட்டம். மாணவர்கள், வேலை விசாக்காரர்கள், அடைக்கலம் பெற்றவர்கள், அகதிகள். நுழைவுத் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் வேண்டும், மொழித் தேர்வு உண்டு, பின்னணி விசாரணை உண்டு. சேர்ந்தவர்கள் சோடை போகவில்லை. நேபாளத்தில் பிறந்து மாணவராக வந்து மாவ்னி வழியாகச் சேர்ந்த சரல் ஸ்ரேஷ்டா, 2012-இல் தரைப்படையின் அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார். திட்டத்தை வடிவமைத்ததில் முன்னின்ற மார்கரெட் ஸ்டாக் ராணுவ ரிசர்வ் அதிகாரி, குடியேற்ற வழக்கறிஞர். 2013-இல் அவருக்கு மெக்ஆர்தர் விருது கிடைத்தது. மொத்தத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் இந்த வழியாகச் சேர்ந்தார்கள்.

நன்றாக ஓடிய திட்டத்தை ஏன் நிறுத்தினார்கள்? உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

2016 செப்டம்பர் 30 அன்று பாதுகாப்புத் துறை பின்னணி விசாரணையைப் பல மடங்கு இறுக்கியது. வெளிநாட்டு உளவு நுழைந்துவிடும் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்பட்டது. புதிதாக ஆள் எடுப்பது நின்றது. அதைவிடக் கொடுமை, ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தவர்கள் பயிற்சிக்குப் போகும் தேதி வராமலே காத்துக் கிடந்தார்கள். விசாரணை செய்ய வேண்டிய அலுவலகங்களில் கோப்புகள் குவிந்தன.

அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் எஃப்-1 மாணவர் விசாவில் முதுகலை முடிக்கிறான். படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் "சில மாதத்தில் பயிற்சி" என்கிறார். இவன் ஒப்பந்தத்தை நம்பி வேறு விசாவுக்கு முயலவில்லை. பயிற்சித் தேதி தள்ளிப்போகிறது, மறுபடி தள்ளிப்போகிறது. இதற்குள் விசா முடிகிறது. வேலை செய்ய அனுமதி இல்லை, காரோட்டும் உரிமம் காலாவதி. ஊருக்குத் திரும்பலாம் என்றால், அந்நிய ராணுவத்தில் சேர உறுதிமொழி எடுத்தவன் என்ற செய்தி பிறந்த நாட்டு அரசுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். சட்டப்படி வந்தவர்களை, அமெரிக்க ராணுவத்துக்காகக் காத்திருந்த காலமே பேப்பர் இல்லாதவர்கள் ஆக்கியது. 2017-இல் வெளியான பாதுகாப்புத் துறையின் உள்குறிப்பு ஒன்றின்படி இந்த நிலையில் சுமார் 1,000 பேர் இருந்தார்கள்.

அப்புறம் வெளியேற்றம் தொடங்கியது. 2017 ஜூலைக்கும் 2018 ஜூலைக்கும் இடையில் தரைப்படை 500-க்கும் மேற்பட்ட குடியேறி வீரர்களை விலக்கியதாக நீதிமன்ற ஆவணங்களில் தெரியவந்தது. பலருக்குக் காரணமே சொல்லவில்லை. சிலருக்கு, வெளிநாட்டில் பெற்றோர் இருப்பதையே குறையாகச் சொன்னார்கள். குடியேறி என்றால் அப்பா அம்மா வெளிநாட்டில் இல்லாமல் எங்கே இருப்பார்கள்? அந்தப் பிள்ளைகளின் மொழிக்காகத்தானே கூப்பிட்டார்கள்! எனக்கு இதில் இன்றுவரை ஆறாத கோபம் உண்டு. அழைத்தது அரசு, கையெழுத்து வாங்கியது அரசு, நடுத்தெருவில் விட்டதும் அரசு.

பாதிக்கப்பட்டவர்கள் வாஷிங்டன் உள்ளிட்ட இடங்களில் வழக்குப் போட்டார்கள். சிலருக்கு நீதிமன்றம் வழியாகக் குடியுரிமையும் கிடைத்தது. ஆனால் திட்டம் மீளவில்லை. சட்டத்தையும் காங்கிரஸ் 2018-இல் திருத்திவிட்டது: சிறப்புத் திறமைக்காகச் சேர்க்கப்படுபவர் அந்தத் திறமையைத் தன் அன்றாடப் பணியிலேயே பயன்படுத்துபவராக இருக்க வேண்டும்.

கிரீன் கார்டு உள்ளவர் சேர்ந்தால் எவ்வளவு சீக்கிரம் குடியுரிமை?

சாதாரணமாகக் கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். படையில் இருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, கட்டணமும் இல்லை. என்-400 விண்ணப்பத்தோடு, நல்ல முறையில் பணியாற்றுகிறார் என்று படை சான்றளிக்கும் என்-426 படிவம் வேண்டும். ஆங்கிலத் தேர்வும் குடிமையியல் தேர்வும் எல்லோரையும் போல உண்டு.

அந்த என்-426-இல்தான் பலரும் மாட்டினார்கள். 2017 அக்டோபரில் பாதுகாப்புத் துறை, குறைந்தது 180 நாள் பணி முடித்தால்தான் சான்றளிப்போம், ரிசர்வ் படையினர் என்றால் ஓராண்டு, என்று புது விதி போட்டது. சட்டத்தில் இல்லாத நிபந்தனை இது என்று 2020 ஆகஸ்டில் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளியது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆகவே நீங்கள் சேரும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரெக்ரூட்டரின் வாய்ச்சொல் இதற்குப் போதாது. 2002 முதல் இந்த வழியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை பெற்றிருக்கிறார்கள், வழி உண்மையானதுதான்.

சேர்ந்துவிட்டால் குடியுரிமை தானாக வந்துவிடும்தானே?

வராது. விண்ணப்பிக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். "உறுதிமொழி எடுத்தாயிற்று, இனி நான் அமெரிக்கன்" என்று நம்பி விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் பலர். பிறகு ஏதாவது வழக்கில் மாட்டினால், குடிமகன் அல்லாதவர் என்று நாடு கடத்தப்படுகிறார்கள்.

ஹெக்டர் பராஹாஸ் ஏழு வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவர். கிரீன் கார்டோடு 82-ஆவது வான்வழிப் படைப்பிரிவில் பணியாற்றி 2001-இல் வெளியே வந்தார். வாகனத்தை நோக்கிச் சுட்ட வழக்கில் சிறை. தண்டனை முடிந்ததும் 2004-இல் மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லையோர நகரமான திஹுவானாவில் தன்னைப்போல் நாடு கடத்தப்பட்ட முன்னாள் வீரர்களுக்காக ஒரு விடுதி நடத்தினார். 2017-இல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மன்னிப்பு அளித்தார். 2018 ஏப்ரலில் குடியுரிமை கிடைத்தது. படையில் இருந்தபோதே ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. வேறு பலருக்கு அந்த மன்னிப்பும் கிடைக்கவில்லை.

இன்னொன்று: குடியுரிமை வாங்கியபின், மொத்தம் ஐந்து ஆண்டு நல்ல பணி முடிப்பதற்குள் மோசமான காரணத்துக்காகப் படையிலிருந்து விலக்கப்பட்டால், கொடுத்த குடியுரிமையைத் திரும்பப் பறிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

போரில் இறந்தால் குடியுரிமை தருவார்களாமே?

தருகிறார்கள். ஹோசே அந்தோனியோ குட்டியெர்ரெஸ் குவாத்தமாலாவில் தாய் தகப்பன் இல்லாமல் தெருவில் வளர்ந்தவர். சிறுவயதில் பேப்பர் இல்லாமல் அமெரிக்காவுக்குள் வந்தார். வளர்ப்புக் குடும்பங்களில் இருந்து படித்து, நிரந்தர வசிப்புரிமை பெற்று, மரைன் படையில் சேர்ந்தார். 2003 மார்ச் 21, ஈராக் போர் தொடங்கிய கையோடு இறந்துபோன முதல் சில அமெரிக்க வீரர்களில் அவரும் ஒருவர். சொந்தப் படையின் குண்டு பட்டு இறந்தார். இறந்தபின் குடியுரிமை கொடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது பேப்பர் கேட்ட நாடு, சவப்பெட்டிக்குக் கொடி போர்த்தியபின் மகனே என்றது.

இந்தியர் யாராவது இப்படிச் சேர்ந்து குடியுரிமை பெற்றிருக்கிறார்களா?

மாவ்னிக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் இருந்தார், அவர் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. பஞ்சாபிலிருந்து 1913-இல் வந்த பகத் சிங் திந்த், முதல் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். தலைப்பாகையோடு வாஷிங்டன் மாநில முகாம் லூயிஸில் பணி. 1918 டிசம்பரில் சீருடையிலேயே போய்க் குடியுரிமை வாங்கினார். நான்கே நாளில் ரத்து செய்தார்கள், வெள்ளையர் அல்ல என்று. 1920-இல் ஓரிகனில் மறுபடி வாங்கினார். அரசு விடவில்லை. 1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வைத்து ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த மற்ற இந்தியர்களிடமிருந்தும் பறித்தார்கள். முதல் உலகப் போர் வீரர்களுக்கு இனம் பார்க்காமல் குடியுரிமை என்று 1935-இல் சட்டம் வந்தபிறகு, 1936-இல்தான் அவருக்கு நிலைத்தது. நல்ல பெயரோடு பணி முடித்த வீரர் பதினெட்டு ஆண்டு அலைந்திருக்கிறார்.

என் மகள் இங்கே பிறந்தவள், குடிமகள். அவள் படையில் சேர்ந்தால் பேப்பர் இல்லாத எங்களுக்கு ஏதாவது பலன் உண்டா?

இருக்கலாம். படையில் இருப்பவர், ரிசர்வில் இருப்பவர், முன்னாள் வீரர் ஆகியோரின் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கு "பரோல் இன் பிளேஸ்" என்ற சலுகை 2013 முதல் எழுத்துபூர்வமாக இருக்கிறது. எல்லையைத் தாண்டி விசா இல்லாமல் வந்தவர், நாட்டை விட்டுப் போகாமலே இங்கிருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க அது வழிவிடும். ஓராண்டு வீதம் தருவார்கள். ஆனால் அது உரிமை ஆகாது. அதிகாரியின் விருப்புரிமை. அரசுக்கு அரசு கெடுபிடி மாறும்.

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் விசாவில் வந்து தங்கிவிட்டவர்கள். முறையாக நுழைந்தவர் என்றால், குடிமகளான மகளுக்கு 21 வயது ஆனபின் அவளே பெற்றோருக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு அவள் துப்பாக்கி தூக்க வேண்டியதில்லை. இது தெரியாமல், "எங்களுக்காகச் சேர்ந்துவிடு கண்ணு" என்று பிள்ளையிடம் கேட்டுவிடாதீர்கள். முதலில் வழக்கறிஞர், அப்புறம் மற்றதெல்லாம்.

எங்கள் பையன் எச்-4 விசாவில் இருக்கிறான், 21 ஆகப்போகிறது. அவன் சேரலாமா?

முடியாது. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை அவ்வளவு நீளம் என்பதால், பெற்றோரின் முறை வருவதற்குள் பிள்ளைக்கு 21 ஆகிவிடுகிறது, பெற்றோரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைத்த எச்-4 போய்விடுகிறது. இப்படி மாட்டியவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று அவர்களுக்காகப் பேசும் அமைப்புகள் சொல்கின்றன. டாக்காவும் இவர்களுக்குக் கிடையாது, 2012 ஜூன் 15 அன்று சட்டப்படி இருந்தவர்கள் என்பதற்காகவே. 2022-இல் இவர்களுக்கு வழி செய்யும் திருத்தத்தைப் பாதுகாப்புச் செலவு மசோதாவோடு பிரதிநிதிகள் சபை இணைத்தது. இறுதி வடிவில் அது விடுபட்டது. இப்போதைக்கு எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதுதான் பெரும்பாலோர் செய்வது. 21 முடிவதற்குப் பல மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

சேரவே விடாதவர்கள், "செலக்டிவ் சர்வீஸ்" பட்டியலில் மட்டும் ஏன் இருக்கச் சொல்கிறார்கள்?

நியாயமான கேள்வி. கட்டாய ஆள்சேர்ப்பு 1973-லேயே நின்றுவிட்டது. ஆனால் தேவை வந்தால் கூப்பிட ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். 18 முதல் 25 வயது வரையுள்ள ஆண்கள், பேப்பர் இல்லாதவர், டாக்கா உள்ளவர், அடைக்கல விண்ணப்பம் போட்டவர் உட்பட, அதில் இருக்க வேண்டும். செல்லுபடியாகும் எஃப்-1, எச்-4 போன்ற விசாவில் இருப்பவருக்கு வேண்டாம், அந்த விசா போய்விட்டால் வேண்டும். இதில் இருப்பதால் எந்தச் சலுகையும் வராது. இல்லாமல் விட்டால், பிற்காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது "ஏன் பதியவில்லை" என்று கேட்பார்கள். 26 ஆகிவிட்டால் பதியவும் முடியாது. பையன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அத்தாட்சியை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

வேறொருவர் சோஷியல் செக்யூரிட்டி எண்ணிலோ, குடிமகன் என்று சொல்லியோ சேர்ந்துவிட்டால்?

வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னால், குடியேற்றச் சட்டத்தில் ஏறக்குறைய ஆயுள் முழுக்கத் தடை. பின்னால் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டாலும் அந்தத் தடை போகாது. பொய் சொல்லிப் படையில் சேர்வது ராணுவச் சட்டப்படியும் தனிக் குற்றம். வேலைக்குச் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தில் "குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் போட்டாலும் இதே கதிதான். ஏற்கெனவே அப்படி ஏதாவது நடந்திருந்தால் யாரிடமும் பேசாமல் நேராக வழக்கறிஞரிடம் போங்கள்.

ரெக்ரூட்டர் "பார்த்துக்கலாம்" என்கிறார். நம்பலாமா?

அவர் வேலை ஆள் சேர்ப்பது. குடியேற்றச் சட்டம் அவருக்குப் பாடமில்லை. கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, பலர் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் வாய்ச்சொல் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. ஒப்பந்தத் தாளில் இல்லாதது இல்லவே இல்லை. "மாவ்னி மறுபடி வருது, முன்பதிவு செய்ய இவ்வளவு டாலர்" என்று யாராவது கேட்டால் அது மோசடி. ராணுவத்தில் சேர யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

வேறு நாட்டு ராணுவங்களில் இந்த வழி உண்டா?

பிரான்ஸின் வெளிநாட்டுப் படை எந்த நாட்டு ஆணையும் எடுக்கிறது. ஐந்தாண்டு ஒப்பந்தம், மூன்று ஆண்டுக்குப்பின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கடுமையான வாழ்க்கை, ஆனால் சொன்னபடி நடக்கும் அமைப்பு.

ரஷ்யா விஷயம் வேறு. ஓராண்டு ஒப்பந்தத்துக்குக் குடியுரிமை என்று அங்கே ஆணை இருக்கிறது. அதை வைத்து ஏஜெண்டுகள் உதவியாளர் வேலை, படிப்பு என்று சொல்லி இந்திய இளைஞர்களை அழைத்துப்போய் உக்ரைன் போர்முனையில் விட்டார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. யார் சொன்னாலும் போகாதீர்கள்.

அமெரிக்கப் படையில் சேர்ந்து குடியுரிமை வாங்கினால் இந்தியத் தொடர்பு என்ன ஆகும்?

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். இது பலருக்கும் தெரியும். தெரியாதது இதுதான்: வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும், விசா இல்லாமல் இந்தியா போய்வர உதவும் ஓசிஐ அட்டை கிடையாது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போவதற்கும் விசா எடுக்க வேண்டும், படைப்பணி விவரத்தை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். ஊரில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள், அவசரத்துக்கு ஓட வேண்டியிருக்கும் என்றால், கிரீன் கார்டு வைத்துக்கொண்டு ரெக்ரூட்டர் அலுவலகத்துக்குப் போகுமுன் இதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.